ஆடிட்டுக்கு வந்த பிள்ளைகள்

1

இன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, என் மகள் இனியாவின் குழந்தைகள் காப்பகத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஆள் போதவில்லை, மதியத்துக்குள் வந்து அழைத்துப் போங்கள் என்று. கீழே 'தங்கள் புரிதலுக்கு நன்றி' என்று ஒரு வரி. எனக்குப் புரியவே இல்லை, அதற்குள் நன்றி சொல்லிவிட்டார்கள்.

ஆரம்பாக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஜெர்மனியில் எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. குழந்தை பெற்றுக்கொள்ளும் வரை நானும் அதை நம்பினேன். இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து காப்பகம் முழு நாள் நடந்த வாரம் அபூர்வம். மேலாளரிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அவர் நல்ல மனிதர்தான். "பரவாயில்லை" என்றார். அந்தப் பரவாயில்லையை எத்தனை நாளைக்குச் சொல்வார் என்று தெரியவில்லை.

இனியாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் நான் தமிழில் கேட்டேன், அவள் ஜெர்மனில் பதில் சொன்னாள். நாலு வயதாகிறது. தமிழ் புரியும், வாயிலிருந்து வராது. தூக்கத்தில் பிதற்றுவதும் ஜெர்மன்தான். மடிக்கணினியைத் திறந்து மீட்டிங்கில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவள் என் ஜெர்மனைக் கேட்டுவிட்டு, "அம்மா, அப்படிச் சொல்லக் கூடாது" என்று அதே ஜெர்மனில் திருத்தினாள். மீட்டிங்கில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

2

இந்த இடம் கிடைப்பதற்குப் பட்ட பாடு தனிக்கதை. ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கேட்பது உரிமை என்று இங்கே சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்கிறது, இடம்தான் இல்லை. வயிற்றில் இருக்கும்போதே பெயரைப் பதிந்து வைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னபோது, பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்தாற்போல என்பார்களே, அதுதான் என்று சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

நகராட்சி அலுவலகத்தில் ஓர் அம்மாள் விசாரித்தார். "உங்களுக்கு இங்கே உதவிக்குத் தாத்தா பாட்டி யாரும் இல்லையா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். நம் ஊர் ஆமாம். ஆமாம், யாரும் இல்லை. அவர் அதை யாரோ இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு எங்களை வரிசையில் கீழே இறக்கிவிட்டார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இடம் கிடைத்ததும் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட முடியாது. குழந்தை அந்த இடத்துக்குப் பழகும்வரை அம்மாவோ அப்பாவோ அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் முழு நேரமும், பிறகு பக்கத்து அறையில், பிறகு சற்று நேரம் வெளியே. குழந்தை அழாமல் இருந்தால்தான் அடுத்த படி. அரையடி உயர நாற்காலியில் முழங்கால் முகவாயை இடிக்க நான் உட்கார்ந்திருந்த அந்த வாரங்களில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளையின் அழுகைக்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றியது. ஊரில் என் தங்கை கோமதியின் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

3

இந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோமதி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து முடியும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காண்ட்ராக்ட் ஆள். இடையில் நிற்காமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தால் கம்பெனி ஆளாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அவள் குழந்தை தர்ஷினிக்கு அப்போது பத்து மாதம். கோமதியின் கணவன் வேலு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். கிளம்பினால் எப்போது திரும்புவான் என்பது அவனுக்கே தெரியாது.

கோமதிக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். முதல் ஷிப்டு என்றால் கம்பெனி பஸ் விடிவதற்குள் மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சரசா தூங்கும் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வாள். அதற்குக் கோமதி மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பாள். நான் ஊருக்குப் போன அந்த வாரத்தில் சரசாவுக்கே தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அவளைக் குறை சொல்ல முடியுமா? பிறத்தியார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள்?

பால்வாடிக்குப் போய்க் கேட்டோம். டீச்சர் தங்கமான பெண். "ரெண்டு வயசு முடியட்டும்கா, நானே வந்து கூட்டினு போறேன்" என்றார். அதுவும் பகலில்தான். விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பவளுக்குப் பகலில் திறக்கும் பால்வாடி எதற்கு? கும்மிடிப்பூண்டி பஜாரில் தனியார் ஒருவர் நடத்தும் இடத்தையும் பார்த்தோம். சுவரெல்லாம் கார்ட்டூன். அவர்கள் சொன்ன கட்டணத்தைக் கேட்டதும் கோமதி சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள். அதைக் கட்ட வேண்டுமானால் அவள் அந்தக் கட்டணத்துக்காகவே வேலைக்குப் போக வேண்டும்.

விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏன், உங்கம்மா இல்ல?"

அம்மா இருக்கிறாள். நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியின் கேண்டீனில் பாத்திரம் துலக்குகிறாள். அப்பா போன பிறகு அந்த வேலையில்தான் அவள் சொந்தக் காலில் நிற்கிறாள். நான் மெதுவாகப் பேச்சை எடுத்தபோது அம்மா புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு சொன்னாள்: "நானு வேலைய உட்டுட்டு ஊட்ல குந்திக்கினா, நாளைக்கி எனக்கு ஒரு மாத்திர வாங்கணும்னாகூட உங்க கையத்தானே பாக்கணும்? ஏன்டி, பேத்தி மேல எனக்கு ஆச இல்லியா? கீது. ஆனா வேலைய உட மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க அம்மாவோடு பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் கடல் தாண்டி வந்தும் வேலையை விடவில்லையே.

ஆக, நான் ஊரில் இருக்கும்வரை குழந்தையை நான் பார்த்துக்கொள்வது, மாதக் கடைசியில் கோமதி வேலையை விட்டு நின்றுவிடுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் அவள்தான். ஆனால் அதைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பாத்திரங்கள் விழும் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

4

அப்போதுதான் ஆடிட் வந்தது. கம்பெனியிடம் சரக்கு வாங்குபவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, தொழிலாளிகளை நல்லபடி வைத்திருக்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பார்கள். இந்தத் தடவை வருகிறவர்கள் ஜெர்மன்காரர்கள் என்று கோமதி சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இங்கே வந்தால் அவர்கள் அங்கே போகிறார்கள்.

இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கென்று கிரீச் என்று ஓர் அறை இருக்க வேண்டும் என்று நம் நாட்டிலும் சட்டம் உண்டு. கம்பெனியில் அப்படி ஓர் அறை இருந்தது. கதவில் யானை, வாத்து எல்லாம் ஒட்டி, பெரிய பூட்டும் போட்டிருந்தது. கோமதி சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பூட்டைத் தினமும் பார்க்கிறாள். உள்ளே பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பார்கள்.

ஆடிட்டுக்கு முந்தைய நாள் எச்.ஆர். அதிகாரி பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: சின்னக் குழந்தை இருக்கிறவர்கள் நாளைக்குக் கொண்டு வாருங்கள், பஸ்ஸிலேயே கூட்டி வரலாம், ஆயா இருப்பார்.

"எங்க லைன்ல அமுதான்னு ஒருத்தி கீறா. அவளுக்குக் கல்யாணமே ஆவல. தல எண்ணிக்க கம்மியா கீதுன்னு அவளையும் ஒரு பாப்பாவ எடுத்துனு வரச் சொல்லிட்டாரு. எதிர் ஊட்டுப் பாப்பாவத் தூக்கினு வரப்போறாளாம்" என்று சொல்லிக் கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் தர்ஷினிக்குப் பொங்கலுக்கு எடுத்த கவுனைப் போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவளைப் பார்த்தால் ஆளே வேறு மாதிரி இருந்தாள். தொட்டில் கட்டியிருந்தார்களாம். தரை துடைக்கும் பாக்கியம் அக்காவுக்குப் புதுப் புடவை கொடுத்து ஆயாவாக உட்கார வைத்திருந்தார்களாம். பிளாஸ்டிக் குதிரை ஒன்று, மேலே சுற்றியிருந்த கவர்கூடப் பிரிக்காமல். வந்தவர்கள் போட்டோ எடுத்தார்களாம்.

இதெல்லாம் சொல்லி முடித்தாள். பிறகு, "அக்கா, நடுவுல ரெண்டு வாட்டி போய் பால் குடுத்துட்டு வந்தேங்கா. இன்னிக்கி மாரு கட்டவே இல்ல" என்றாள்.

குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து தினமும் பாதி ஷிப்டில் பால் கட்டி, வலி பொறுக்காமல் கழிவறைக்குப் போய்ப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவாள். எனக்கு அது அன்றுதான் தெரியும். நானும் பிள்ளை பெற்றவள்தான், ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

5

மறுநாள் விடியற்காலை விழித்துப் பார்த்தால் கோமதி மறுபடியும் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கூட்டிட்டுப் போற?"

"வேலைக்கி."

"ஆடிட் நேத்தோட முடிஞ்சிடுச்சுல்ல?"

"கொண்டாங்கன்னு சொன்னாங்கோ. கொண்டாராதீங்கன்னு யாரும் சொல்லலியே" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

அன்று வேலு வீட்டில் இருந்தான். அவனுடைய பைக்கில் ஏறிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். எனக்கு உள்ளூரப் பயம். கம்பெனி வாசலில் இறங்கியபோது அங்கே கோமதி தனியாக இல்லை. இடுப்பில் பிள்ளையோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். பழவேற்காட்டிலிருந்து வரும் மும்தாஜ் அக்கா மகனைத் தோளில் போட்டிருந்தார். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று கோமதி பிறகு சத்தியம் செய்தாள். முந்தைய நாள் எல்லாருக்கும் மாரு கட்டாமல் இருந்திருக்கும்போல.

வேலு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்தபடியே நியாயம் கேட்கத் தயாராக இருந்தான்.

செக்யூரிட்டிக்காரர் கேட்டை விட்டு நகரவில்லை. "இன்னாம்மா இது பேஜாரு? நேத்திக்குத்தானே சொன்னாங்கோ? பசங்கள உள்ள உட்டா என் வேல பூடும்."

"எங்க வேலையும்தாங்க பூடும்" என்றார் மும்தாஜ் அக்கா.

ஷிப்டு மணி அடித்தது. இவர்கள் உள்ளே போகாவிட்டால் லைனில் அடுத்த ஆளுக்கு ஒயர் போகாது. எச்.ஆர். அதிகாரி நாஷ்டாவைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருப்பார்போல, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, இது கம்பெனியா, பால்வாடியா?"

கோமதி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "நேத்தி வந்தவங்ககிட்ட எங்க பசங்களக் காட்டி, இதான் எங்க கிரீச்சுன்னு சொன்னீங்களே சார். நானு பக்கத்துலதானே நின்னுனு இருந்தேன். அது இன்னிக்கி எங்க பூட்ச்சி?"

அவர் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். அப்போது என் மூக்கு வியர்த்தது. நான் ஜெர்மனியிலிருந்து வருகிறேன், நேற்று வந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும் என்று வாயைத் திறந்துகொண்டு முன்னால் போனேன். கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீ சும்மா இரு. நீ அடுத்த வாரம் பிளைட் ஏறிப் போயிடுவ. நானுதான் நாளைக்கும் இந்த கேட்டுல வந்து நிக்கணும்."

அத்தனை பேர் முன்னால் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயை மூடிக்கொண்டேன், நல்ல வேளை. நான் பேசியிருந்தால் அது மிரட்டலாகியிருக்கும். மிரட்டியவள் விமானம் ஏறிய மறுநாள், மிரட்டப்பட்டவர் கையில் கோமதி மாட்டியிருப்பாள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், உள்ளே ஓடாமல் நிற்கும் லைனையும் நினைத்துப் பார்த்திருப்பார். "சரி, இன்னிக்கு ஒரு நாளைக்கு" என்றார்.

மறுநாளும் போனார்கள். மறுநாளும் "இன்னிக்கு ஒரு நாளைக்கு" என்றார். கோமதி மாதக் கடைசியில் நிற்கவில்லை. அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. எழுத்தில் எந்த உத்தரவும் கிடையாது. பாக்கியம் அக்கா அதே புடவையில் ஆயாவாகத் தொடர்கிறார். பூட்டு மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பூட்டலாம் என்பதுபோல.

6

இன்று மீட்டிங் முடிந்ததும் கோமதியைக் கூப்பிட்டேன். காப்பகத்தைப் பற்றி ஆற்றாமையைக் கொட்டுவதற்குத்தான். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். தர்ஷினி இப்போது நடக்கிறாள். இனியா திரையில் அவளைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ கதை சொன்னாள். அவள் ஒன்றும் புரியாமல் கைதட்டினாள்.

கோமதியைக் கம்பெனி ஆளாக எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்வார்களாம். அதுவரை வாலைச் சுருட்டிக்கொண்டு இரு என்று போன தடவையே சொல்லியிருந்தேன். இன்று திரையில் தர்ஷினிக்குப் பின்னால் இன்னொரு குழந்தை, அவள் வயசுப் பையன், அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"யாருடி இது?"

"எம் புள்ள" என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கிரீச் திறந்த பிறகு கம்பெனியில் புதிதாக ஆள் எடுக்கும்போது, குழந்தை இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார்களாம். இருக்கிறது என்றால் அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிடுகிறார்களாம். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த தேவி என்ற பெண் குழந்தையே இல்லை என்று பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். வாடகை வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்த குழந்தையை, இனி முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தேவி லைனில் நின்று அழுதிருக்கிறாள். கோமதி அந்தப் பையனைத் தன் பிள்ளை என்று சொல்லி உள்ளே கொண்டு போய்விட்டாள். ஷிப்டு முடிந்ததும் தேவி வந்து வாங்கிக்கொள்வாளாம். இன்று அவளுக்கு ஓவர் டைம், அதனால் பையன் இன்னும் இவள் வீட்டில் இருக்கிறான்.

"எச்.ஆர். கேட்டாருக்கா. உனக்கு ஒண்ணுதானம்மான்னாரு. இல்ல சார், ரெட்டப் புள்ள, அன்னிக்கி ஆடிட்டுக்கு ஒண்ணத்தான் எடுத்தாந்தேன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"இன்னா சொல்லுவாரு? அமுதாவ எதிர் ஊட்டுப் பாப்பாவத் தூக்கினு வரச் சொன்னவரே அவருதானே? என்னியப் பாத்துக்கினே நின்னாரு, போயிட்டாரு."

"மாட்டிக்கிட்டா உன் வேலையும் போயிடும்டி கோமதி. உன்னை இன்னும் உறுதி பண்ணக்கூட இல்லை."

"தெரியும்கா."

பையனின் மூக்கைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"அதுகூடப் பரவால்லக்கா. அங்க இவன் எம் புள்ள ஆச்சே, அவ இவனத் தூக்கக் கூடாது. யாராவது பாத்துட்டா வம்பு. இவனும் அவளப் பாத்தா தாவுறான். அதனால பிரேக்குல ரெண்டையும் தூக்கினு நானு கை கழுவுற குழாகிட்ட போய் நிப்பேன். அவ வந்து பக்கத்துக் குழாயில கை கழுவுவா. இவனப் பாத்துக்கினே கழுவுவா. பிரேக் முடியிற வரிக்கும் கழுவிக்கினே இருப்பாக்கா."